அத்தையோட உதவித்தொகை நின்னுடுச்சு, லெட்டர்ல காரணமே இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மழைச்சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சு பதில் சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். என் அத்தைக்கு, அப்பாவோட அக்கா, மாமா தவறினதுக்கு அப்புறம் மாசாமாசம் உதவித்தொகை வந்துட்டு இருந்துச்சு, மருந்து, கரண்ட் பில் எல்லாம் அதை வச்சுதான் ஓடிட்டு இருந்தது, திடீர்னு நின்னுடுச்சு. பேங்க்ல கேட்டா எங்களுக்கு பணமே வரல நாங்க என்ன பண்றதுங்கிறாங்க. அப்புறம் ஒரு லெட்டர் வந்துச்சு, அதுல இருக்கிறத அப்படியே போடுறேன்:

"தங்களது உதவித்தொகை தொடர்பாக மேற்கொள்ளப்பட்ட மறுஆய்வில், நடைமுறையில் உள்ள விதிகளின்படி தகுதி நிபந்தனைகள் பூர்த்தி செய்யப்படாதது கண்டறியப்பட்டதால் வழங்கல் நிறுத்தப்படுகிறது. கூடுதலாகப் பெற்ற தொகை இருப்பின் வசூலிக்கப்படும். மேல்முறையீடு இருப்பின் உரிய ஆவணங்களுடன் உரிய காலத்திற்குள் உரிய அலுவலரிடம் சமர்ப்பிக்கவும்."

இவ்வளவுதான் லெட்டரே. எந்த விதி, எந்த நிபந்தனை, என்ன டாக்குமெண்ட், எத்தனை நாளைக்குள்ள, யார்கிட்ட, ஒண்ணுமே இல்ல. கீழ ஒரு சீல், ஒரு கையெழுத்து, ஒரு ஃபைல் நம்பர். போன் நம்பர் கூட இல்ல.

வெப்சைட்ல தேடினேன். ஒரு பக்கத்துல "குடும்ப ஆண்டு வருமானம்"னு போட்டிருக்கு, அப்ளிகேஷன் ஃபார்ம்ல "விண்ணப்பதாரரின் வருமானம்"னு இருக்கு, ஹெல்ப்லைன்ல பேசினவங்க "வீட்ல சேர்ந்து இருக்கிற எல்லாரோட வருமானமும் கணக்குல வரும்மா"ங்கிறாங்க. இதுல எது சரி? அத்தையோட பையன் அதே வீட்ல மாடியில இருக்கான், கல்யாணம் ஆகி தனி குடித்தனம், தனி மீட்டர். அவன் சம்பளத்தையும் சேர்ப்பாங்களா? சேர்த்தா மொத்த சம்பளமா, பிடித்தம் போக கைக்கு வர்றதா?

அந்த "வசூலிக்கப்படும்"ங்கிற வரியைப் பாத்ததுல இருந்து அத்தை ரொம்ப பயந்துட்டாங்க. அக்கவுண்ட்ல மிச்சம் இருக்கிற காசை எடுக்கவே மாட்டேங்கிறாங்க, திருப்பி கேட்டா என்ன பண்றதுன்னு. லெட்டரை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டு வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் கொடுத்து படிக்க சொல்றாங்க, படிக்கிறவங்க ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லிட்டு போறாங்க. நான் டிகிரி முடிச்சவ, எனக்கே புரியல, அவங்களுக்கு எப்படி புரியும்.

எந்த நாடு, எந்த ஆபீஸ்னு வேணும்னேதான் போடல, அத்தைக்கு சிக்கல் எதுவும் வந்துடக்கூடாது. பொதுவா இந்த மாதிரி லெட்டர் வந்தா முதல்ல என்ன பண்ணணும்? புதுசா அப்ளை பண்ணிடவா, இல்ல இதையே எதிர்த்து எழுதணுமா?

கடிகாரமுள்:

சிஸ்டர், முதல்ல அத்தையை பயப்பட வேணாம்னு சொல்லுங்க. "கூடுதலாகப் பெற்ற தொகை இருப்பின்"ங்கிறது எல்லா லெட்டர்லயும் போடுற வரி, இவங்களுக்குன்னு கணக்கு பாத்து எழுதினது இல்ல. உண்மையிலேயே திருப்பி கேக்கணும்னா தொகை, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும்னு தனியா நோட்டீஸ் தரணும்.

இப்ப அவசரம் வேற ஒண்ணு இருக்கு. லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாருங்க, கவர் இருந்தா அதுல தபால் முத்திரை தேதியும் பாருங்க, கவரை தூக்கிப் போட்டுடாதீங்க. மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு எல்லா இடத்துலயும் உண்டு, லெட்டர்ல போடலன்னாலும் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். பிரிட்டன்ல பெரும்பாலான உதவித்தொகைக்கு முடிவு எடுத்த தேதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்கணும். அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டின்னா நோட்டீஸ் கைக்கு கிடைச்சதுல இருந்து 60 நாள், தபால்ல வர 5 நாள் ஆகியிருக்கும்னு அவங்களே கணக்கு வச்சுக்குவாங்க. தமிழ்நாட்டுல 2023ல மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்ப நிராகரிக்கப்பட்டவங்களுக்கு எஸ்எம்எஸ் வந்து 30 நாளைக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பண்ணலாம்னு வச்சாங்க. ஆஸ்திரேலியாவுல பெரும்பாலும் 13 வாரத்துக்குள்ள கேட்டாதான் பழைய தேதியில இருந்து பாக்கி கிடைக்கும், அதுக்கு மேல போனா கேட்ட தேதியில இருந்துதான். எல்லா இடத்துலயும் நாள் வேற வேற, ஆனா நாள் தாண்டினா சிரமம்ங்கிறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அதனால உங்க நாட்டு கணக்கு தெரியற வரைக்கும் 30 நாள்னு வச்சுக்கிட்டு வேலை பாருங்க.

நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. காரணம் தெரிஞ்சாதானே பதில் எழுத முடியும்னு காரணம் கேட்டு அலைஞ்சுக்கிட்டே இருப்பாங்க, அதுக்குள்ள நாள் முடிஞ்சிடும். முழு காரணமும் தெரியணும்னு காத்திருக்க வேணாம், முதல்ல ரெண்டு பத்தியில ஒரு மனு கொடுத்துடுங்க. இந்த மாதிரி எழுதலாம்:

"இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள தங்கள் கடிதத்தில் கூறப்பட்ட முடிவை நான் ஏற்கவில்லை. இதை மேல்முறையீடாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எந்த விதியின் எந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்பதும், அதற்கு எந்தத் தகவல் அடிப்படை என்பதும் கடிதத்தில் இல்லை. அவற்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அவை கிடைத்த பிறகு கூடுதல் விளக்கமும் ஆவணங்களும் சமர்ப்பிக்கிறேன்."

இதைக் கொடுத்து ரெண்டாவது காப்பியில தேதியோட சீல் வாங்கிடுங்க. சீல் போட மாட்டேன்னு சொன்னா பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. ஆன்லைன்ல போடுற வசதி இருந்தா சப்மிட் ஆன ஸ்கிரீனை, அந்த ரெஃபரன்ஸ் நம்பரோட ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, பின்னாடி பல சைட்ல அதை திரும்ப பாக்க முடியாது.

புது அப்ளிகேஷன் பத்தி கேட்டீங்க. அதை மட்டும் போட்டுட்டு மேல்முறையீட்டை விட்டுடாதீங்க. புதுசா போட்டா பணம் பெரும்பாலும் புது தேதியில இருந்துதான் வரும், நடுவுல நின்ன மாசமெல்லாம் போச்சு. அதோட பழைய முடிவை நீங்க ஏத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். கவுன்ட்டர்ல "புதுசா போட்டுடுங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்"னு சொல்லுவாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்லுவாங்க, ஆனா உங்க பழைய பாக்கி போயிடும்கிறத சொல்ல மாட்டாங்க. ரெண்டையும் சேர்த்து பண்ண முடியுமான்னு கேட்டுக்கோங்க, சில திட்டத்துல முடியும், சிலதுல முடியாது.

பழைய_கிளார்க்:

நான் இந்த மாதிரி ஒரு ஆபீஸ்ல பல வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மேல தம்பி சொன்னது சரி. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா நீங்க என்ன கேக்கணும்னு தெளிவாகும், அதுக்காக எழுதுறேன்.

அந்த லெட்டரை யாரும் உக்காந்து எழுதல. ஸ்கிரீன்ல ஒரு லிஸ்ட் இருக்கும், வருமானம் அதிகம், ஆவணம் இல்லை, பெயர் பொருந்தவில்லை, வேறு திட்டத்தில் பயன் பெறுகிறார், முகவரியில் இல்லை, இப்படி. கிளார்க் அதுல ஒண்ணை செலக்ட் பண்ணுவார், ரிமார்க்ஸ்னு ஒரு சின்ன கட்டத்துல ரெண்டு வார்த்தை அடிப்பார், பிரிண்ட் கொடுத்தா ஏற்கெனவே இருக்கிற மாதிரி லெட்டர் வந்து விழும். அந்த மாதிரி லெட்டர் எப்பவோ எழுதினது. அதுக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு சர்க்குலருக்கும் ஒரு வரி நடுவுல சேர்த்திருப்பாங்க, யாரும் முழுசா ஒரு தடவை மறுபடி எழுதினதே கிடையாது. ஒரு வரி ஒரு காலத்து விதி, அடுத்த வரி இன்னொரு காலத்து விதி. வெப்சைட் ஒரு பிரிவு பாக்கும், ஃபார்ம் இன்னொரு பிரிவு அச்சடிக்கும், ஹெல்ப்லைன் ஆளுங்க காண்ட்ராக்ட்ல இருப்பாங்க, அவங்ககிட்ட இருக்கிற கேள்வி பதில் பேப்பர் எப்ப கொடுத்ததோ தெரியாது. அதனாலதான் உங்களுக்கு மூணு இடத்துல மூணு பதில்.

இதுல நீங்க பிடிச்சுக்க வேண்டியது என்னன்னா, காரணம் அங்க இருக்கு. லெட்டர்லதான் இல்ல, சிஸ்டத்துல இருக்கு, ஃபைல்ல இருக்கு. "காரணம் என்ன"ன்னு பொதுவா கேட்டா அதே லெட்டரை திரும்ப படிச்சுக் காட்டுவாங்க. அப்படி கேக்காதீங்க. என்ன காரணம் பதிவாகி இருக்கு, ரிமார்க்ஸ்ல என்ன இருக்கு, வருமானம்னா எவ்வளவு தொகை, யாரோட பேர்ல, எந்த மாசம், எங்க இருந்து எடுத்தது, வரம்பு எவ்வளவுன்னு வச்சிருக்கீங்க, இதையெல்லாம் ஒவ்வொண்ணா கேளுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பரோ ஒரு பேரோ பதிலா வரணும். அப்படி கேட்டா மழுப்ப முடியாது.

என் அனுபவத்துல நின்னு போனதுல நிறைய, வருமானம் ஏறினதால இல்ல. ரெண்டு டேட்டாபேஸை கம்ப்யூட்டர் ஒட்டிப் பாக்கும், அதுல பேர் ஒட்டாம போயிடும். நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப அதிகம், ஒரு கார்டுல இனிஷியல் முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல பின்னாடி, இன்னொண்ணுல இனிஷியலை விரிச்சு அப்பா பேரோ புருஷன் பேரோ முழுசா இருக்கும், பிறந்த தேதி ஒண்ணுல ஜனவரி 1ன்னு சும்மா போட்டிருப்பாங்க. கம்ப்யூட்டருக்கு அது மூணு வேற ஆளு. ஸ்கிரீன்ல சிவப்பா வரும், சரிபார்க்க சொல்லி ஆள் அனுப்பணும்னு விதி இருக்கும், ஆனா மாசக் கடைசியில நூத்துக்கணக்குல சிவப்பு நிக்கும்போது யாரும் ஆள் அனுப்ப மாட்டாங்க, நிறுத்தி வச்சுட்டு லெட்டர் போட்டுடுவாங்க. அத்தையோட எல்லா கார்டையும், பேங்க் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க.

குடும்பம் பத்தி கேட்டீங்களே, திட்டத்துக்கு திட்டம் மாறும். சிலதுல ரேஷன் கார்டு மாதிரி ஒரே அட்டையில இருக்கிறவங்க குடும்பம், சிலதுல ஒரே முகவரி, சிலதுல புருஷன் பொண்டாட்டி மட்டும்தான், வளர்ந்த பிள்ளைங்க வர மாட்டாங்க. பையன் பேர் இன்னும் அத்தை கார்டுலயே இருக்கான்னு முதல்ல பாருங்க. தனி மீட்டர் பில் நல்ல ஆதாரம், அதை கண்டிப்பா சேருங்க. மொத்த சம்பளமா கைக்கு வர்றதாங்கிறதும் அரசாணையில, விதியில இருக்கும், வெப்சைட் சுருக்கத்துல இருக்காது. அந்த விதியோட காப்பியை கேளுங்க, அது ரகசியம் கிடையாது.

செங்கல்_சூளை:

எல்லாரும் ஆபீஸையே குறை சொல்றீங்க. விதி எல்லாம் வெப்சைட்ல பிடிஎஃப்பா போட்டுதான் இருக்கு, மக்கள் படிக்கிறதில்ல. வருமானம் மாறினா சொல்லணும்னு கையெழுத்து போட்டுத்தான் பணம் வாங்குறாங்க, அப்புறம் சொல்ல மாட்டாங்க, நின்னா மட்டும் கத்துவாங்க. வரிப்பணம்தானே அது.

நீலவானம்:

செங்கல் ப்ரோ, உங்க கோபம் புரியுது, ஆனா இந்த விஷயத்துல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். பல பக்க பிடிஎஃப்ல எங்கயோ இருக்குங்கிறதும், உனக்கு இதனால நிறுத்துறோம்னு ஒரு ஆளுக்கு சொல்றதும் ஒண்ணு இல்ல. விதியை படிச்சு தனக்கு எது பொருந்தும்னு கண்டுபிடிக்கிற வேலை ஆபீஸோடது. அதை அந்தம்மா தலையில கட்டிட்டு, உனக்கு புரியலன்னா உன் தப்புன்னு சொல்லக் கூடாது.

லெட்டர் தெளிவா இல்லன்னா எவ்வளவு தூரம் போகும்னு ஆஸ்திரேலியாவுல பாத்தாச்சு. அங்க ரோபோடெட்னு சொல்ற திட்டத்துல, வருமான வரி ஆபீஸ்ல இருந்து ஒருத்தரோட வருஷ வருமானத்தை எடுத்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தவணைன்னு 26 தவணையா சமமா வகுத்து, நீ இந்த வாரமெல்லாம் இவ்வளவு சம்பாதிச்சிருக்க, கூடுதலா வாங்கிட்ட, திருப்பிக் கொடுன்னு கம்ப்யூட்டரே கணக்கு போட்டுச்சு. ஆறு மாசம் வேலை இல்லாம உதவித்தொகை வாங்கி, அப்புறம் ஆறு மாசம் வேலைக்குப் போனவனுக்கு இந்தக் கணக்கு எப்படி சரியா வரும்? ஆனா முதல்ல வந்த லெட்டர்ல இப்படி வகுத்துதான் கணக்கு போடுவோம்னு புரியற மாதிரி சொல்லல, இதுக்குன்னு தனியா வச்சிருந்த ஹெல்ப்லைன் நம்பரையும் போடல. 2017ல அங்க ஆம்பட்ஸ்மன், அதாவது அரசு ஆபீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி, அவரோட அறிக்கையிலயே இதை எழுதினாங்க. நிறைய பேர் பதில் சொல்லத் தெரியாம விட்டாங்க, பதில் வரலன்னு கடன் அவங்க தலையில விழுந்துச்சு. கடைசியில 2020ல அரசாங்கமே சுமார் 4,70,000 கடன் தப்புன்னு ஒத்துக்கிட்டு 72 கோடி டாலருக்கு மேல திருப்பிக் கொடுக்கிறோம்னு அறிவிச்சுது. 2023 ஜூலையில இதை விசாரிக்க அரசு அமைச்ச ராயல் கமிஷனோட அறிக்கை வந்துச்சு, இது சட்டத்துக்கே புறம்பானதுன்னு. அந்த மக்களும் படிக்கலன்னு சொல்லுவீங்களா? படிச்சாங்க, படிக்கிற மாதிரி எதுவும் அதுல இல்ல.

நெதர்லாந்துல குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில ஒரு கையெழுத்து விட்டுப் போன மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு குடும்பம் குடும்பமா கடன்ல தள்ளினாங்க. ஏன்னு கேட்டு ஃபைலை காட்டச் சொன்ன பெற்றோருக்கு பக்கம் பக்கமா கருப்பு மை பூசி கொடுத்தாங்க. அந்த விவகாரத்துல 2021 ஜனவரியில அரசாங்கமே ராஜினாமா பண்ணுச்சு.

வருமானம் மாறினா சொல்லணும்னு சொல்றீங்க, சரி, சொல்லணும். ஆனா எது மாற்றம்னு சொல்லித் தரணுமே. பிரிட்டன்ல வீட்ல நோயாளியை பாத்துக்கிறவங்களுக்கு ஒரு உதவித்தொகை இருக்கு, வாரத்துக்கு குறைஞ்சது 35 மணி நேரம் பாத்துக்கணும், வெளி வேலையில வர்ற சம்பளம் ஒரு வரம்புக்குள்ள இருக்கணும். அந்த வார வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து உதவித்தொகை மொத்தமும் போச்சு. வாராவாரம் ஷிஃப்ட் மாறுற ஒருத்தருக்கு எதை சராசரியா எடுத்துக்கணும், எந்த செலவை கழிக்கலாம்னு தெளிவா தெரியாம, வருஷக்கணக்குல சேர்ந்து ஆயிரக்கணக்கான பவுண்டு கடன் ஆகி நின்னவங்க இருக்காங்க. நாள் பூரா ஒரு நோயாளியை தூக்கி உக்கார வச்சு, மருந்து கொடுத்து, நடுவுல நாலு மணி நேரம் கடைக்கு வேலைக்குப் போயிட்டு வர்றவங்க அவங்க. ஏமாத்தணும்னு யாரும் அப்படி ஒரு வாழ்க்கை வாழ மாட்டாங்க.

1970லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்குல, உதவித்தொகையை நிறுத்துறதுக்கு முன்னாடி காரணத்தை விவரமா சொல்லி நோட்டீஸ் கொடுக்கணும், அவங்க தரப்பை நேர்ல கேக்கணும்னு சொல்லிடுச்சு. இந்தியாவுல தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஈ)ன்னு ஒண்ணு இருக்கு, நிர்வாக முடிவால பாதிக்கப்பட்டவங்களுக்கு அதுக்கான காரணத்தை ஆபீஸே கொடுக்கணும்னு, கேட்டாதான்னு இல்ல. இலங்கையிலயும் 2016ல தகவல் உரிமைச் சட்டம் வந்துடுச்சு. மழைச்சாரல், நீங்க எந்த நாடா இருந்தாலும் காரணம் கேக்கிறது யாரோ மனசு வச்சு செய்யிற உதவி கிடையாது, அத்தைக்கு அது சேர வேண்டியது. அந்த தைரியத்தோட கேளுங்க.

செங்கல்_சூளை:

லெட்டர்ல காரணம் போடணும்ங்கிறத நான் மறுக்கல. ஆனா வருமானம், முகவரி, வீட்ல ஆள் கூடினது குறைஞ்சது எதுவா இருந்தாலும் எழுத்துல சொல்லிட்டு காப்பி வச்சுக்கோங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. போன்ல சொன்னேன்னு பின்னாடி சொன்னா எங்கயும் செல்லாது. போன்லதான் சொல்ல முடியும்னா தேதி, நேரம், பேசினவங்க பேர், புகார் எண் எல்லாம் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க.

மழைச்சாரல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. கடிகாரமுள் சொன்ன மாதிரி மனு கொடுத்து சீல் வாங்கிட்டேன், நாள் இன்னும் இருக்கு. கிளார்க் ஐயா, நீங்க சொன்ன கேள்விகளை அப்படியே பேப்பர்ல எழுதிட்டு போய் கேட்டேன். முதல்ல லெட்டர்லதான் போட்டிருக்கேன்னாங்க, அப்புறம் அந்த பேப்பரை பாத்துட்டு ஒருத்தர் ஸ்கிரீனை திருப்பி காட்டினார். "குடும்ப வருமானம் வரம்பை மீறுகிறது"ன்னு இருக்கு, தொகை பாத்தா பையனோட ஒரு மாச சம்பளத்தை பன்னிரண்டால பெருக்கி வச்சிருக்காங்க. அந்த மாசம் அவனுக்கு பழைய அரியர் சேர்ந்து வந்தது, மத்த மாசமெல்லாம் அதுல பாதி கூட இல்ல. பையன் பேரும் அத்தை கார்டுல இருந்து இன்னும் எடுக்கல, அதுவும் உண்மை.

இப்ப ரெண்டு சந்தேகம். அரியரை வருமானம்னு சேர்க்கலாமா? அப்புறம் அவர் பேச்சு வாக்குல "ரெக்கவரி வரும்"னு சொன்னார், அத்தை அதைக் கேட்டதுல இருந்து சரியா சாப்பிடல. இருக்கிற காசை கட்டிட்டு நிம்மதியா இருந்துடலாம்ங்கிறாங்க. கட்டலாமா?

பழைய_கிளார்க்:

சபாஷ் அம்மா, ஸ்கிரீனை திருப்ப வச்சதே பெரிய விஷயம். அந்தத் தொகை, மாசம், காரணம் எல்லாத்தையும் அன்னைக்கு தேதி போட்டு நீங்களே எழுதி வச்சுக்கோங்க, ஃபைலோட காப்பியும் எழுத்துல கேளுங்க.

ஒரு மாசத்தை பன்னிரண்டால பெருக்கினது உங்களுக்கு நல்ல பாயிண்ட். விதி ஆண்டு வருமானம்னு சொன்னா ஆண்டு முழுக்க வந்ததைத்தான் பாக்கணும். பையனோட பன்னிரண்டு மாச சம்பள சிலிப், இல்லன்னா வருஷ சம்பள சர்டிஃபிகேட், அரியர் எந்தக் காலத்துக்கு உரியதுன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு விளக்கம் வாங்குங்க. சம்பளம் வந்த தேதியை மட்டும் வச்சு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு தப்பாகிறது எல்லா நாட்லயும் நடக்குது. பிரிட்டன்ல மாசக் கடைசியில சம்பளம் வாங்குற நாலு அம்மாக்களுக்கு, லீவு நாளால சம்பளம் முன்கூட்டியே விழுந்து ஒரே கணக்கு மாசத்துல ரெண்டு சம்பளம் காட்டி உதவித்தொகை குறைஞ்சிடுச்சு. 2020ல அப்பீல் கோர்ட்டே இப்படி கணக்கு பாக்கிறது நியாயமில்லன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. உங்க நாட்டு விதியில அரியருக்கு தனியா ஏதாவது இருக்கான்னு விதி காப்பியில பாருங்க.

இதை ரெண்டு தனி வாதமா எழுதுங்க. ஒண்ணு, பையன் தனிக் குடும்பம், அவன் வருமானம் சேரக் கூடாது. ரெண்டாவது, சேர்த்தாலும் உங்க கணக்கு தப்பு, சரியா போட்டா இவ்வளவுதான் வருது. ஒண்ணு தோத்தாலும் இன்னொண்ணு நிக்கும். பெயர் நீக்கத்துக்கு இப்பவே அப்ளை பண்ணிடுங்க, ஆனா அவன் தனியா இருக்கிறது எப்ப இருந்துன்னு காட்ட பழைய மீட்டர் பில், கேஸ் புக், கல்யாண சர்டிஃபிகேட் எல்லாம் சேருங்க. இல்லன்னா இப்ப பேர் எடுத்த தேதியில இருந்துதான்னு சொல்லிடுவாங்க.

கடிகாரமுள்:

ரெக்கவரி பத்தி நான் சொல்றேன். யாரும் எழுத்துல கேக்காத காசை போய் கட்டாதீங்க. கட்டினா நீங்களே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், திரும்ப வாங்குறது படாத பாடு. அத்தைகிட்ட "சம்மதக் கடிதம்", "உறுதிமொழி"ன்னு எந்த பேப்பர்லயாவது கையெழுத்து கேட்டா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிச்சுட்டுத்தான் போடணும்.

நோட்டீஸ் வந்துச்சுன்னா அதை பேசாம மட்டும் விட்டுடாதீங்க. மாசவாரியா பட்டியல் கேளுங்க, எந்த மாசம் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கொடுத்திருக்கணும், ஏன்னு. மேல்முறையீடு நிலுவையில இருக்கு, அது முடியற வரைக்கும் வசூலை நிறுத்தி வைங்கன்னு எழுதுங்க. தப்பு யாரோடதுங்கிறதும் முக்கியம், ஆனா அதை நம்பி மட்டும் இருக்காதீங்க. பிரிட்டன்ல யுனிவர்சல் கிரெடிட்னு குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு தர்ற உதவித்தொகையில ஆபீஸே தப்பு பண்ணி கூட கொடுத்திருந்தாலும் திருப்பிக் கேக்கலாம்னு சட்டமே இருக்கு, தள்ளுபடி பண்ணச் சொல்லி தனியா விண்ணப்பிக்கத்தான் முடியும். கடைசியில கொடுக்க வேண்டி வந்தாலும் மொத்தமா தரத் தேவையில்ல, கஷ்டத்தை சொல்லி சின்னச் சின்ன தவணையா கேக்கலாம், செலவு கணக்கை ஒரு பக்கத்துல எழுதி கூட வைக்கணும். அத்தைக்கு இதை நிதானமா எடுத்துச் சொல்லுங்க, காசை எடுத்து மருந்து வாங்கச் சொல்லுங்க, இப்போதைக்கு அது அவங்க காசு.

மழைச்சாரல்:

சொல்லிட்டேன், கொஞ்சம் தெளிஞ்சாங்க, மருந்து வாங்கிட்டு வந்துட்டேன். அடுத்த தடவை அத்தையையும் கூட்டிட்டுப் போகணுமா? முழங்கால் வலி, படி ஏற முடியாது, ஆபீஸ் ரெண்டாவது மாடியில.

பழைய_கிளார்க்:

கூட்டிட்டுப் போக வேணாம். விவரம் சொல்லவும், காப்பி தரவும் அவங்க சம்மதம் எழுத்துல வேணும், அவ்வளவுதான். "என் சார்பாக என் தம்பி மகள் இன்னாரை இந்தக் கோப்பு தொடர்பாகப் பேசவும், மனு கொடுக்கவும், நகல் பெறவும் அனுமதிக்கிறேன்"னு ஒரு பேப்பர்ல எழுதி, ஃபைல் நம்பரை மேல போட்டு, அவங்க கையெழுத்து, உங்க கையெழுத்து, ரெண்டு பேரோட ஐடி காப்பி சேர்த்து எடுத்துட்டுப் போங்க. நேர் விசாரணைக்குன்னு கூப்பிட்டா மட்டும் அவங்க வரணும், அப்பவும் நடக்க முடியாதுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வச்சு கீழ்த்தளத்துல வச்சுக்கோங்க, இல்ல வீட்டுக்கு வாங்கன்னு முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. கையெழுத்து பேங்க்ல போடுற மாதிரியே இருக்கணும், கை நடுங்கி மாறினா அதுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க, அப்படின்னா கைரேகை வச்சு பக்கத்துல ரெண்டு சாட்சி போட்டுடுங்க.